நூற்றெட்டு டிகிரியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம்

1. நீராவியோடு வந்தவள்

தேன்மொழி முதன்முதலாக என் பட்டறைக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் நீராவிதான் உள்ளே வந்தது. நல்ல மத்தியான வெயில். பானட் இடுக்கு வழியாக வெள்ளையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. காரை நிறுத்தியதும் இறங்கி, கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, நேராக ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

கொதிக்கிற எஞ்சினின் மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் சந்திப்பிலேயே நன்றாகத் திட்டிவிட்டேன். முகம் தெரியாத ஒரு பெண்ணைத் திட்டினால் என்ன ஆகும்? காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, சூடு ஆறும்வரை காத்திருந்தாள். அதற்கே நான் அவளுக்கு முதல் நன்றி சொல்ல வேண்டும். மகள் வயது என்பதால் அவள், இவள் என்றே எழுதுகிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அந்தச் சமயம் கிள்ளானில் என் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து, வெகுநாள் கடையைப் பூட்டி வைத்துவிட்டுத் திரும்பியிருந்தேன். பழைய வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மாடிஃபைட் கார் வைத்திருக்கிற பையன்களோ ஏர்கான் போட்ட, சுவரெல்லாம் கலர் விளக்கு எரிகிற கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தோணி அங்கிளுக்கு வயசாகிவிட்டது என்று அவர்கள் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனாலும் சுருக்கென்று இருந்தது.

அவள் கொண்டுவந்த கார் பார்வைக்குப் பழைய உள்ளூர்க் கார். பாசாருக்குப் போய் மீன் வாங்கி வருகிற சைஸ். பானட்டைத் திறந்தால்தான் சங்கதி தெரியும். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இங்கே வந்து இறங்கும் பழைய கார்களை ஹாஃப்-கட் என்போம். அப்படி வந்த ஒன்றிலிருந்து டர்போ எஞ்சினைக் கழற்றி இதற்குள் திணித்திருந்தார்கள். பொருத்தியிருந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்னப் பானைக்குள் பெரிய பானையை இறக்கிய மாதிரி இருந்தது.

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவள் தேன்மொழி. ஷிப்ட் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம்பி சரவணனை வளர்த்து ஆளாக்கியவள். தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ஆசை இந்தக் கார். லீவு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்த கார். இதையெல்லாம் சூடு ஆறுகிற நேரத்திலேயே சொல்லிவிட்டாள். தம்பிக்குக் கல்யாணம் வருகிறது என்றும் சொன்னாள்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்தக் கார்தான் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளை நிறத்தில் நீளமாக ஒரு வாடகைக் கார் பிடித்தால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்றேன்.

"வாடகைக் காருல யாரோ ஒரு டிரைவர் வந்து அவன எறக்கி விட்டுட்டுப் போவாரு அங்கிள். அம்மா அப்பா இருந்தா அவங்க கூட்டிட்டுப் போயிருப்பாங்க. இப்ப நான்தான் இருக்கேன். நான்தான் கூட்டிட்டுப் போவணும்."

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தாய்மாமன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லையாம். இந்தக் கார் பாதி வழியில் நின்றுவிடும், முகூர்த்தம் தவறிவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நின்றுவிடுமா என்று என்னைக் கேட்டாள். இப்போது இருக்கிற நிலையில் நிச்சயம் நிற்கும் என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்ப நிக்காம செஞ்சு குடுங்க அங்கிள்."

2. காற்றா, தண்ணீரா

இதைப் படிக்கிற இளம் போமன்களுக்கு ஒரு விஷயம். மெக்கானிக்கைப் போமன் என்று சொல்லும் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் இது எழுதப்படுகிறது. சூடாகிறது என்று ஒரு கார் வந்தால் முதலில் ஸ்பேனரைத் தொடாதீர்கள். எப்போது சூடாகிறது என்று கேளுங்கள். ஜாமில் நிற்கும்போது ஏறி, ஹைவேயில் ஓடும்போது இறங்கினால் பெரும்பாலும் காற்றில் குறை. நின்றால் சும்மா இருந்து, வேகமாக ஓடும்போது ஏறினால் பெரும்பாலும் தண்ணீரில் குறை. பாதி வைத்தியம் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

தேன்மொழியைக் கேட்டேன். இரண்டிலும் ஏறுகிறது, ஜாமில் சீக்கிரமாக ஏறுகிறது என்றாள். மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் என்பதால் எந்த இடத்தில் எவ்வளவு என்று டிகிரியோடு சொன்னாள். இப்படி ஒரு கஸ்டமர் கிடைப்பது லாட்டரி அடித்த மாதிரி. மற்றவர்கள் "அடிக்கடி சூடாவுது பாஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் சாமியாடித்தான் மீதியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்ணீர்ப் பக்கம் முதலில் பார்த்தேன். கூலன்ட் கிடையாது, வெறும் பைப்புத் தண்ணீர். துருப்பிடித்து, பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் வந்தது. தெர்மோஸ்டாட்டைக் காணோம். யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். இது நம் ஊருக்கே உரிய வியாதி. இங்கே எப்போதும் வெயில்தானே, பனி நாட்டுக்காரனுக்குத்தானே தெர்மோஸ்டாட் என்று பெரிய பெரிய ஆட்களே சொல்வார்கள். இந்த மாதிரி எஞ்சினில் அதற்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டருக்குப் போகிற வழியைத் திறக்கும், கூடவே எஞ்சினுக்குள் இருக்கிற குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே தலைகாட்டாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

காற்றுப் பக்கம் இன்னும் கூத்து. ரேடியேட்டர் ஃபேன் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கிரில்லுக்கு முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடிப்பேன். காற்று உள்ளே இழுக்கப்பட்டால் பேப்பர் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் காரில் பேப்பர் பறந்து வந்து என் மூக்கில் ஒட்டியது. வயரை மாற்றிக் கொடுத்து ஃபேனைத் தலைகீழாக ஓட விட்டிருக்கிறார்கள். முன்னால் இருந்து வருகிற காற்றும் பின்னால் இருந்து வருகிற காற்றும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. தேன்மொழி சிரித்த சிரிப்பில் எனக்கும் அவள்மேல் இருந்த கொஞ்சநஞ்ச விறைப்பு போய்விட்டது.

ஃபேனைத் திருப்பினேன். தெர்மோஸ்டாட் போட்டேன். மூடியை மாற்றினேன், ஏனென்றால் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். துருவைக் கழுவிக் கழுவி ஊற்றி, நல்ல கூலன்ட் நிரப்பினேன். நிரப்பும்போது காரின் மூக்கைத் தூக்கி வைத்து உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்களை எடுத்தோம். ஷிப்ட் முடிந்து வந்து, யூனிஃபார்மோடு நின்று புனலைப் பிடித்துக்கொண்டது அவள்தான். குமிழ் நிற்கும்வரை பொறுமையாகப் பிடித்திருந்தாள்.

கடைசியாகச் செய்த வேலைதான் முக்கியம். காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான இடுக்குகள் வழியே கஷ்டப்பட்டுப் போவதைவிட, பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தால் அதில் நழுவிவிடும். இந்தக் காரில் டர்போவின் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் முன்னால், ரேடியேட்டர் பின்னால், சுற்றிலும் கை நுழைகிற அளவுக்குச் சந்துகள். அலுமினியத் தகடு வெட்டி, ஓரங்களுக்கு நுரைப் பட்டை ஒட்டி, எல்லாச் சந்தையும் அடைத்தேன். பம்பரின் வாய் வழியாக நுழைகிற காற்று ரேடியேட்டரைத் தவிர வேறெங்கும் போக முடியாது. உள்ளே போவதற்கும் அந்த வாயைத் தவிர வேறு வழி கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். நான் பிறந்து வளர்ந்தது அங்கே, ரயில்வே குவார்ட்டர்ஸில். சாயங்கால ஜாம் எந்தத் திருப்பத்தில் எப்படி இறுகும் என்று எனக்கு அத்துப்படி. ஏர்கானை முழுதாகப் போட்டுக்கொண்டு பங்சார் வரை ஊர்ந்து, ஊர்ந்தே திரும்பினோம். மீட்டர் எண்பத்தெட்டு, தொண்ணூறு, மறுபடி எண்பத்தெட்டு என்று நின்றது. அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தாள். எனக்கும் வெகுநாள் கழித்து வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. என் கைக்கு இன்னும் வேலை தெரிகிறது என்று எனக்கே காட்டிக்கொடுத்த கார் அது. அந்த ஜாமுக்குக்கூட நன்றி சொல்லத் தோன்றியது.

3. மாமாவின் நிபந்தனை

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தாய்மாமன் மாரிமுத்து கடைக்கு வந்தார். லோரி வைத்துத் தொழில் செய்கிறவர். வெள்ளை வேட்டி, தங்கச் செயின், சுற்றி வளைக்காத பேச்சு. காரை ஒரு சுற்று சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். டயருக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. லோரிக்காரர்களுக்கு டயரை உதைக்காவிட்டால் கார் பார்த்த திருப்தி வராது.

"போமன், நான் கெட்டவன் இல்ல. இந்தக் கார் நடு ரோட்டுல நின்னுச்சுன்னா காலத்துக்கும் பேச்சு. பொம்பளப் புள்ள பிடிவாதம் பிடிச்சுத் தம்பி முகூர்த்தத்தக் கெடுத்துட்டான்னு சொல்லுவாங்க. மொதல்ல நானே சொல்லுவேன்."

மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற முடிச்சுகளைப் பின்னால் நின்று போடுகிறவள் மாப்பிள்ளையின் அக்காள். கார் நின்றால் மாப்பிள்ளையும் இருக்க மாட்டான், முடிச்சுப் போடுகிறவளும் இருக்க மாட்டாள். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். மாமா தன் காரில் பின்னாலேயே வருவார். தேன்மொழியின் கார் நின்ற மறு நிமிடம் சரவணன் இறங்கி மாமா காரில் ஏறிக்கொள்ள வேண்டும். அவள் சரி என்று தலையாட்டினாள். மாமா போன பிறகு, தேவையே இல்லாமல் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் அழைப்பு இருந்தது. ஊர்வலம் லிட்டில் இந்தியா பக்கம் வரும்போது நான் அங்கே சேர்ந்துகொள்வதாகப் பேச்சு.

4. ஊர்வலம்

ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல பாத்திக் சட்டை ஒன்று போட்டுக்கொண்டு லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடை ஓரம் நின்றேன். தோளில் என் டூல் பை. கல்யாணத்துக்கு டூல் பையோடு போவது அழகில்லைதான், இருந்தாலும் அதை வீட்டில் வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. பண்டிகைச் சாமான் வாங்க வந்த கூட்டத்தில் ரோடு இறுகிக் கிடந்தது. வெயிலோ காலையிலேயே மண்டையைப் பிளந்தது. போன் அடித்தது.

"அங்கிள், தொண்ணூத்தஞ்சு."

தேன்மொழிதான். கிரேன் மேல் உட்கார்ந்து வாக்கிடாக்கியில் பேசிப் பழகிய குரல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தம்பி பயந்துவிடக்கூடாது என்று எண்ணை மட்டும் சொல்கிறாள் எனப் புரிந்தது. ஏர்கானை அணைக்கச் சொன்னேன். அணைத்தாயிற்று என்றாள். கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றெட்டு என்றாள். பிறகு நூறு. எங்கே நிற்கிறாய் என்று கேட்டுக்கொண்டே நடக்க ஆரம்பித்தேன். பிறகு ஓடினேன். ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

நின்ற கார்களுக்கு நடுவே புகுந்து போகும்போது மனதுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஃபேன் நின்றுவிட்டதா? ஹோஸ் எங்காவது கசிகிறதா? பம்ப் போய்விட்டதா? வெளிநாட்டு வீடியோக்களில் இந்த மாதிரி நேரத்தில் ஹீட்டரைத் திற, எஞ்சின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் இறங்கும் என்பார்கள். இந்த மாதிரி பழைய உள்ளூர்க் காரில் ஹீட்டரே கிடையாது. நம் ஊரில் எவன் ஹீட்டர் போடப் போகிறான்?

காரின் முன்பக்கம் வந்து நின்றேன். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. கீழே சொட்டு ஈரம் இல்லை. நிமிர்ந்து பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு வரை, தொடை கனத்தில், இரண்டு மடிப்பாக மாலை. சம்பங்கியும் ரோஜாவும் இடைவெளியே இல்லாமல் கட்டியது. நடுவில் இதய வடிவத்தில் ஒரு வெள்ளை நுரைப் பலகை, அதில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் ஜிகினாவில். பூக்காரர் மனம் வைத்துச் செய்த வேலை, குறை சொல்ல முடியாது. காரின் வாய் மட்டும் முழுதாக மூடியிருந்தது. ரோட்டில் ஓடும்போது மேலும் கீழும் கொஞ்சம் காற்று நுழைந்திருக்கிறது. ஜாமில் நின்றதும் ஃபேன் இழுத்த இழுப்பில் பூவெல்லாம் உள்பக்கமாக ஒட்டி அடைத்துக்கொண்டது. பழைய ஓட்டை உடைசல் காராக இருந்தால் பக்கச் சந்துகள் வழியாவது மூச்சு விட்டிருக்கும். எல்லாச் சந்தையும்தான் நான் அருமையாக அடைத்து வைத்திருந்தேனே.

ஜன்னல் வழியாக மீட்டரைப் பார்த்தேன். நூற்றைந்து. எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றேன். அணைத்தால் ஃபேனும் பம்பும் நின்று, உள்ளே இருக்கிற சூடு அப்படியே தேங்கும். நூற்றுப்பத்தைத் தொட்டால் வேறு வழியில்லை, அணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட் வெந்து எஞ்சினே போய்விடும். அணைத்தால் உடன்படிக்கைப்படி மாப்பிள்ளை இறங்க வேண்டும். பையிலிருந்து கட்டரை எடுத்தேன்.

அதற்குள் பின்னால் நின்ற காரிலிருந்து மாரிமுத்து இறங்கி வந்துவிட்டார். என் கையில் கட்டரைப் பார்த்ததும் குறுக்கே நின்றார்.

"போமன், மாப்பிள்ள கார் மாலைய நடு ரோட்டுல அறுத்துக் கீழ போடுறதா? நல்லதுக்கில்ல. வேணாம்." பிறகு ஜன்னல் பக்கம் குனிந்தார். "சரவணா, எறங்குய்யா. நம்ம கார்ல ஏறிக்க. நேரம் போவுது."

என் கை நின்றுவிட்டது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். அடுத்தவர் வீட்டுச் சடங்கில், அவர்கள் பெரியவர் கூடாது என்று சொன்ன பிறகு, கத்தியை நீட்ட எனக்கு என்ன உரிமை? எஞ்சின் விஷயத்தில் நான் யாரிடமும் வாதாடுவேன். சகுனத்தில் வாதாட எனக்குத் தெரியாது. சரவணன் கதவில் கை வைத்தபடி அக்காளைப் பார்த்தான். பட்டு ஜிப்பா வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மீட்டர் நூற்றெட்டு.

தேன்மொழி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பட்டுச் சேலையோடு இறங்கி முன்னால் வந்தாள். மாலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாலையை அறுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டாள். அறுக்க வேண்டியதில்லை, காரின் வாயை விட்டு மாலை நகர்ந்தால் போதும் என்றேன். இரண்டு முனையிலும் பூக்காரர் போட்டிருந்த பிளாஸ்டிக் கட்டுகளை மட்டும் என்னை வெட்டச் சொன்னாள். வெட்டினேன். மாலை முழுதாக அவள் கைகளில் வந்து விழுந்தது. குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"கீழ மட்டும் வச்சிராத," என்றார் மாமா.

"வைக்கல மாமா," என்றவள், அந்த மாலையைத் தூக்கி என் கழுத்தில் போட்டாள். "கழட்டிக் கீழ போட்டாத்தான தப்பு. பெரியவங்களுக்குப் போட்டா மரியாததான?"

மாரிமுத்து ஓரமாக ஒதுங்கினார். காருக்கென்று கட்டிய மாலை என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஒரு கையில் கட்டர், தோளில் டூல் பை. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் போனை நீட்டி வீடியோ எடுத்தார். தேன்மொழி இதயப் பலகையைப் பிய்த்து எடுத்து, பெயர் தெரிகிற மாதிரி தம்பி மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் டிஷ்யூ பேப்பரைத் தேடவில்லை. திறந்த வாய்க்கு முன்னால் கையை நீட்டினேன். காற்று விரல்களைத் தடவிக்கொண்டு உள்ளே ஓடியது.

நூற்றாறு என்றாள் ஜன்னல் வழியாக. நூற்றிரண்டு. தொண்ணூற்றேழு. சரவணனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்து, இதயப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தொண்ணூறு என்று அவள் சொன்னபோது முன்னால் இருந்த வேனும் நகர்ந்தது. அவர்கள் போய்விட்டார்கள். மாலையும் கழுத்துமாக நான் ரோட்டின் நடுவே நின்றேன்.

"ஏறுங்க போமன், அப்பிடியே நிக்காதீங்க," என்று மாரிமுத்து தன் கார்க் கதவைத் திறந்துவிட்டார். மாலையோடு உட்காரச் சிரமப்பட்டேன். பூ வாடக்கூடாது என்று அவரே ஏர்கானை என் பக்கம் திருப்பிவிட்டார்.

5. மண்டபத்தில்

மாலையைக் கீழே வைக்கக்கூடாது என்றால் எங்கேதான் வைப்பது? அப்படியே மண்டபத்துக்குள் போனேன். வாசலில் பன்னீர் தெளித்த பெண்கள் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து முதல் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். டூல் பையை வாங்கிப் பத்திரப்படுத்தவும் ஒருவர் வந்தார். மாரிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மேடையைப் பார்த்தபடியே, தன் லோரி ஒன்று ஏற்றத்தில் சூடாகிறது, அனுப்பலாமா என்று கேட்டார். நின்றால் சூடாகிறதா, ஓடினால் சூடாகிறதா என்று நான் கேட்டேன். கெட்டிமேளச் சத்தத்தில் அவர் சொன்ன பதில் காதில் விழவில்லை. பிறகு லோரி வந்தது. அவர் சொல்லி இன்னும் பல லோரிகள் வந்தன. இன்றைக்கும் என் கடை திறந்திருப்பதில் அந்த மனிதருக்குப் பங்கு உண்டு, அவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாடிஃபைட் காருக்கு எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வேண்டுமானாலும் போடலாம். அந்தக் கார் எந்த வீட்டில் வாழப்போகிறது, அந்த வீட்டு மனிதர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று தெரியாமல் வேலை முடியாது. இப்போதெல்லாம் காரை ஒப்படைக்கும் முன் கேட்டுவிடுகிறேன். ஆயுத பூசைக்கு மாலை எங்கே போடுவீர்கள்? தேசிய தினத்துக்குக் கொடி எங்கே கட்டுவீர்கள்? கல்யாணம் வருகிறதா? பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். மாலை பானட் மேலே படுக்கட்டும், கூரையில் ஏறட்டும், வாயை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

கெட்டிமேளம் கேட்டது என்றேனே, அது தாலி கட்டும் நேரம். சரவணன் முதல் முடிச்சைப் போட்டான். தேன்மொழி பின்னால் நின்று குனிந்து மற்ற முடிச்சுகளைப் போட்டாள். காரை ஓட்டி வந்த வேர்வையில் அவள் நெற்றிப் பொட்டு கலைந்திருந்தது, யாரும் சரிசெய்துவிடவில்லை. எல்லாரும் அட்சதை போட எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

மணமக்கள் பெற்றோர் காலில் விழுந்து ஆசி வாங்கும் நேரம் வந்தது. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை பக்கம் போட்டிருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன. யாராவது மூத்தவர்கள் வந்து உட்காருங்கள் என்று ஐயர் கூப்பிட்டார். எல்லாரும் மாரிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து மேடைக்குப் போனார். தேன்மொழியின் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நீதான கூட்டிட்டு வந்த," என்றார். "நீ உக்காரு."